ராக்காயி கொண்டுவந்த பால்

பொன்னையாவின் வலது கன்னத்துக்குள் நேற்று ராத்திரி ஊட்டிய ரொட்டி அப்படியே இருந்தது.

நாகலெட்சுமி விரலில் துணியைச் சுற்றி, உப்புப் போட்ட வெந்நீரில் நனைத்து, மாமனாரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் என்னவோ தட்டுப்பட்டது. வழித்து எடுத்தாள். தேத்தண்ணியில் ஊறி நைந்துபோன ரொட்டி, கொட்டைப்பாக்கு அளவுக்கு. புளித்த நாற்றம் அடித்தது.

"மாமா, இது வாயில கெடந்தது உங்களுக்குத் தெரியலையா?"

பொன்னையா அவள் விரலில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். யாரோ ஒருவர் வாயிலிருந்து எடுத்ததைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நாகலெட்சுமி தன் கன்னத்துக்குள் நாக்கை விட்டுத் துழாவிப் பார்த்தாள். ஒரு பருக்கை மிச்சமிருந்தாலும் நாக்கு தானாகத் தேடிப் போய்விடும். இவ்வளவு பெரிய துண்டு விடிய விடிய இருந்தும் இவருக்குத் தெரியவில்லை. கையும் காலும் விழுந்தது வெளியே தெரிகிறது. வாய்க்குள்ளும் பாதி விழுந்துவிட்டதா? அப்படியென்றால் தொண்டை? அதற்கும் கீழே?

தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் ஓங்கிய கத்தியோடு பொன்னையா செடிகளுக்கு நடுவே சாய்ந்ததையும், கொழுந்து லொறியில் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். உயிர் திரும்பிவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் திரும்பவில்லை. நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுக்கு மேலே இருக்கும் லயத்து வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்கு எட்டின சுவரோரமாகப் பலகைக் கட்டிலில் கிடக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது சிங்கள நர்ஸ் ஒருத்தி தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி அனுப்பியிருந்தாள். படுக்க வைத்துக் கொடுக்க எப்பா, தண்ணி எப்பா, வாய் கழுவு, திருப்பித் திருப்பிப் போடு. எப்பா என்றால் கூடாது என்று தோட்டத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஏன் கூடாது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் தமிழ் போதவில்லை.

அந்த ஏன்தான் நாகலெட்சுமியைப் பிடித்துக்கொண்டது.

கீழ் லயத்து அழகனுக்கும் போன மழைக்காலத்தில் இதே நோவு வந்தது. கை கால் விழுந்தும் பிழைத்துக்கொண்டான். எல்லாரும் தைரியமாக இருந்தபோது காய்ச்சல் கண்டு, நெஞ்சு இரைத்து, போய்விட்டான். வாயு நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஏறினதா, இறங்கினதா? மேலே இருந்து எதுவோ இறங்கக் கூடாத இடத்துக்கு இறங்கியிருந்தால்?

தோட்டத்து டிஸ்பென்சரிடம் போய் இதைக் கேட்டாள். மருந்து வாங்க வருகிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம். கேள்வி கேட்க யாரும் வருவதில்லை. மனுஷன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். தொண்டைக்குக் கீழே குழாய் இரண்டு, ஒன்று சோற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. விழுங்குகிறபோது மூச்சுக் குழாயை மூடிக்கொள்ள ஒரு மூடி இருக்கிறது. வாதம் அடித்தவனுக்கு அந்த மூடி சோம்பேறியாகிவிடும். தண்ணி வேகமாக ஓடும், மூடி எழுந்திருப்பதற்குள் உள்ளே போய்விடும். வாய் அழுக்கும் அதோடு சேர்ந்து போனால் நுரையீரல் சீழ் பிடிக்கும். அதற்குப் பெயர் நிமோனியா. பென்சிலின் ஊசி இருக்கிறது, ஆனாலும் இந்த வயதில் அது வந்தபிறகு மல்லுக்கட்டுவதைவிட வராமல் பார்த்துக்கொள்வது லேசு.

நாகலெட்சுமி அன்றைக்கே சோதித்தாள். பால் விடாத சாயத்தண்ணி ஒரு கரண்டி கொடுத்தாள். பொன்னையா இருமினார், கண்ணில் தண்ணி முட்டியது, தொண்டையில் உலை கொதிக்கிற மாதிரி ஒரு கொர்கொர்ப்பு. கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டியான குரக்கன், அதாவது கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். தொண்டைக் குமிழ் மேலே ஏறியது, இறங்கியது, இருமல் இல்லை. மறுநாளும் அதே கதைதான். தேடிய ஏன் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சொன்னால் வெட்கம், ஆனால் சந்தோஷம்தான்.

இப்போது இந்த ரொட்டி.

"அத்தை, ராத்திரி நான் தண்ணி புடிக்கப் பீலிக்குப் போனப்ப மாமாவுக்குப் படுக்க வச்சா ஊட்டினீங்க?"

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த காளியாயி நிமிரவில்லை. வாயு அடித்த ஆளை அசைக்கக் கூடாது என்பது அவளுடைய கட்சி. உட்கார வைத்துத் தலை சுற்றி விழுந்தால் யார் தூக்குவது, பசி என்று வாயைத் திறக்கிறவருக்கு நேரம் காலம் பார்த்தா கொடுப்பது என்று அடுப்பிடமே சொன்னாள். பிறகு மருமகளுக்குக் கேட்கும்படியாக ஒன்று சொன்னாள்.

"டாக்டருக்குப் படிக்க ஒன்னய அனுப்பியிருக்கணும். நெலம தெரியாம என் மகனுக்குக் கட்டி வச்சிட்டோம்."

பொன்னையாவின் இடது பக்கத்து உதடு மேலே போனது. அவர் சிரிக்கிறாராம். நாகலெட்சுமியும் சிரித்துவிட்டாள். காளியாயி அடுப்பை இன்னும் பலமாக ஊதினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலைநாள் என்றால் அவளுக்கு மலையும் காம்பராவும் ஓட்டம்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் மாமாவை இடப்பக்கம் திருப்பிப் போடுவாள். கொழுந்து நிறுத்ததும் ஓடி வந்து வலப்பக்கம். சாயங்கால நிறுவைக்குப் பிறகு மறுபடி. மலைக்கு என்ன மணியோ அதுவே நோவாளிக்கும் மணி. நடுவில் திருப்ப வேண்டியது காளியாயியின் பொறுப்பு. அவள் திருப்பியதில்லை என்று போர்வை மடிப்பே சொல்லும்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முன் கணேசமூர்த்தி வேகமாக வந்தான். பொன்னையாவின் ஒரே மகன், நாகலெட்சுமியின் புருஷன், ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை.

"அத்தை வந்துட்டாங்க. படிக்கட்டுல ஏறிக்கிட்டு இருக்காங்க."

அத்தை என்றால் ராக்காயி. பொன்னையாவின் அக்கா, நாகலெட்சுமியைப் பெற்றவள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறாள். தம்பி மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தவள், அதே தம்பி வீட்டு வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது.

காரணம் லயம் அறிந்ததுதான். அவர்களைப் பெற்ற ஆத்தா இந்தக் காம்பராவில்தான் செத்தாள். லிந்துலைக்குச் சொல்லிவிட ஆள் போகவில்லை. ராக்காயிக்கு வேறு யார் வழியாகவோ செய்தி எட்டி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது, புதைக்கப் போனவர்கள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெற்றவள் வாயில் ஒரு சொட்டுப் பால் விடாத பாவியாக்கிவிட்டான் என் தம்பி என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவள் போனவள்தான். பொன்னையா அதற்கு ஒரு பதிலும் சொன்னதில்லை.

இந்தத் தடவை அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று கணேசமூர்த்திதான் லிந்துலைக்குப் போகிற லொறிக்காரனிடம் சொல்லிவிட்டிருந்தான். அப்பாவுக்கு முடியவில்லை என்று சொல்லியிருந்தான். லிந்துலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அது இன்றைக்கோ நாளைக்கோ என்று ஆகியிருந்தது.

ராக்காயி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஏறியபோது அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள். அவள் காளியாயியைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். சாராயப் போத்தலைக் கழுவித் தக்கை போட்டு, தன் மாட்டுப் பாலை அதில் கொண்டுவந்திருந்தாள். லிந்துலையிலிருந்து தலவாக்கலை, அட்டன், நோட்டன் பிரிட்ஜ் என்று மூன்று பஸ்ஸிலும் அதை வயிற்றோடு அணைத்தே வந்திருக்க வேண்டும். போத்தல் இன்னும் உடம்புச் சூட்டில் இருந்தது.

பையை இறக்கி வைத்தாள். பையின் வாய் விலகியது. உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளை மல்லுத்துணி. புதுத்துணி. அது எதற்கு என்று அங்கே நின்ற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பொன்னையாவின் இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. வாய் கோணியது, சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

ராக்காயி அழவில்லை. பால் சங்கு கொண்டுவரச் சொன்னாள். தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னாள்.

நாகலெட்சுமி குறுக்கே வந்தாள். படுக்க வைத்துப் பால் கொடுக்கக் கூடாது, மாமாவுக்குத் தண்ணியாக எதுவும் ஆகாது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தாள். குழாய் என்றதும் வாசலில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஆத்தாவுக்குத்தான் குடுத்து வைக்கல," என்றாள் ராக்காயி, மகளைப் பார்க்காமலே. "தம்பி வாயிலயாச்சும் ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போறேன். அதுக்கும் குறுக்க நிக்கிறது நான் பெத்த புள்ள."

லயம் முழுக்க நாகலெட்சுமியைப் பார்த்தது. கணேசமூர்த்தி அவள் தோளைத் தொட்டு, ரெண்டு சொட்டுத்தானே, விடு என்றான். காளியாயி வந்து தலையணையை உருவினாள். மருமகள் சொன்னதற்கு எதிராகப் போக வேண்டும் என்பதற்காக அல்ல, ராக்காயி கேட்டதை மறுக்க அவளால் முடியவில்லை என்பதுபோல உருவினாள். நாகலெட்சுமி அதைக் கவனித்தாள். அப்போது அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை.

சங்கிலிருந்து பால் இறங்கியது. முதல் வாய் உதட்டோரம் வழிந்தது. இரண்டாவது உள்ளே போனது.

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பொன்னையாவின் கண் இரண்டும் பிதுங்கின. இருமல் வெளியே வர இடமில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே முட்டியது. முகம் கறுத்தது. இடது கை அக்காவின் முழங்கையை நகம் பதியப் பற்றியது.

நாகலெட்சுமி அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறினாள். விழுந்த தோளுக்குக் கீழே கை கொடுத்துப் புரட்டிப் பக்கவாட்டில் போட்டு, தலையைக் கட்டில் விளிம்புக்கு இழுத்து, முதுகில் கையைக் குழித்துத் தட்டினாள். கணேசமூர்த்தியைக் காலைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினாள். பால் மூக்கு வழியாக வந்தது. பிறகு வாய் வழியாக. பிறகு சளியோடு. கடைசியில் ஒரு பெரிய இருமல் வந்தது. அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

வாசலில் நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

ராக்காயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். சங்கு இன்னும் கையில் இருந்தது. முழங்கையில் நகத்தடம் சிவந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பலமாப் புடிச்சான்," என்றாள். "சாகப் போறவன் இப்படிப் புடிப்பானா?"

அது அவளுக்கே போட்டுக்கொண்ட கேள்வி. நாகலெட்சுமி போத்தலை எடுத்து மிச்சப் பாலைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். குரக்கன் மாவைக் கரைத்து விட்டாள். கரண்டியைத் தூக்கினால் ஒழுகாமல் பொத்தென்று விழுகிற பதம் வரும்வரை கிண்டினாள். ராக்காயி எழுந்து வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாலைக் கூழாக்கிட்டா அது பாலாடி?"

"மாமா இன்னும் சாகலம்மா. சாகாத ஆளுக்குக் கூழுதான்."

இஸ்தோப்பில் கவிழ்த்து வைத்திருந்த கொழுந்துக் கூடையை எடுத்து வந்து கட்டிலின் தலைமாட்டில் சாய்த்து, அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டாள். இரைப்பு நன்றாக அடங்கி, மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள். அதற்குள் கூழ் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்திருந்தது. கணேசமூர்த்தியும் அவளும் இரண்டு பக்கமும் பிடித்துப் பொன்னையாவை நிமிர்த்திக் கூடையில் சாய்த்தார்கள். மோவாயைக் கொஞ்சம் கீழே வைத்தாள். பிறகு கரண்டியை அம்மாவிடம் நீட்டினாள்.

ராக்காயி வாங்கவில்லை. தன் கையால் ஊட்டியது போதும் என்றாள்.

நாகலெட்சுமி அவள் விரல்களைப் பிரித்துக் கரண்டியை வைத்தாள். இடப்பக்கமாகக் கொடுக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் உயிர் இருக்கிறது. அரைக் கரண்டிக்கு மேல் வேண்டாம். அடுத்த வாய் கொடுக்குமுன் தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

முதல் வாய். எல்லாரும் பொன்னையாவின் தொண்டையைப் பார்த்தார்கள். குமிழ் அசையவில்லை. அப்புறம் மெதுவாக, ஏற்றம் ஏறுகிற கிழவன் மாதிரி, மேலே போனது. நின்றது. இறங்கியது.

இருமல் வரவில்லை.

"எறங்கிருச்சு," என்றாள் ராக்காயி. தொண்டைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். "இத்தன வயசுக்கு ஒரு மனுசன் முழுங்குறத நான் பாத்ததே இல்ல."

சட்டியில் பாதி தீரும்வரை ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் குமிழைப் பார்த்தாள். நடுவில் பொன்னையா அவள் கையைத் தட்டி இன்னொரு கரண்டி கேட்டார். நாகலெட்சுமி, வலது கன்னத்தைத் துடைக்க வேண்டும், அதற்குள் மிச்சம் தங்கும் என்று சொல்லிக் கந்தல் துணியைத் தேடினாள். இருந்த ஒன்றும் பாலில் நனைந்து கிடந்தது.

ராக்காயி தன் பையை இழுத்தாள். வெள்ளை மல்லுத்துணியை எடுத்து உதறினாள். பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்தாள். சர்ரென்று அது கிழிந்த சத்தத்தில் காளியாயி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். ராக்காயி ஒரு துண்டை மகளிடம் கொடுத்தாள். மிச்சத்தையும் கைக்குட்டை கைக்குட்டையாகக் கிழித்து மடித்து அடுக்கினாள்.

"மலிவு துணிதான்," என்றாள். "தொடைக்க ஆகும்."

பொழுது சாய்ந்ததும் மலையிலிருந்து பனி இறங்கி லயத்தை மூடியது. நாகலெட்சுமி பொன்னையாவின் நெற்றியில் கை வைத்தாள். கொஞ்சம் சூடு. அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பதாலா, உள்ளேயிருந்தா? முதுகில் காதை வைத்தாள். இடப்பக்கம் காற்று போய் வந்தது. வலப்பக்கம், கீழே, ஈரக் கொழுந்தைக் கைக்குள் கசக்கினால் வருகிற மாதிரி ஒரு நொறுநொறுப்பு.

ராக்காயியும் காதை வைத்துக் கேட்டாள்.

"இந்தச் சத்தம் நேத்தும் இருந்துச்சா?"

நாகலெட்சுமி இத்தனை நாளும் கவனித்தது வேறு இடங்களை. தொண்டையைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், முதுகில் காது வைக்கத் தோன்றவே இல்லை. பகலில் போன பாலா, ராத்திரி போன ரொட்டித் தண்ணியா, அதற்கு முன்பே இருந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. கணேசமூர்த்தியை டிஸ்பென்சர் வீட்டுக்கு அனுப்பினாள். அவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் ஓடினான்.

அவர் வரும்வரை மாமாவைப் படுக்க விடக் கூடாது என்றாள். கூடை வழுக்கி வழுக்கிச் சரிந்தது. ராக்காயி அதைத் தூக்கிக் கீழே போட்டாள்.

"கூடை என்னாத்துக்கு? நான் இருக்கேன்."

கட்டிலில் ஏறி, தம்பியின் முதுகுக்குத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். பொன்னையாவின் பாரம் முழுக்க அவள் மேல் சாய்ந்தது. மூட்டை சுமந்த முதுகு, அசையவில்லை. அவர் மூச்சு இழுக்கும்போது அவளுக்குத் தெரிந்தது, விடும்போதும் தெரிந்தது. அந்த நொறுநொறுப்பும் இப்போது காதில்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு மூச்சாகக் கவனித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

நாகலெட்சுமி வெந்நீர் எடுக்கக் குனிந்தாள். அடுப்படியில் காளியாயி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். ராக்காயி வந்ததிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது அவள் முதுகுப் பக்கமாக நின்று பேசினாள்.

"மதினி. அன்னிக்கு லிந்துலைக்கு ஆள் அனுப்ப வேணாம்னு சொன்னது இவரு இல்ல. நான்தான்."

பொன்னையாவின் இடது கை போர்வையைப் பிடித்தது. வாய் திறந்தது, மூடியது.

ராக்காயியின் கழுத்து நரம்பு விடைத்தது. முகம் பாதி திரும்பியது. அவள் தோள் அசைந்த மாத்திரத்தில் பொன்னையா வலப்பக்கமாகச் சரியத் தொடங்கினார்; மூச்சு நடுவில் சிக்கியது.

அவள் திரும்பவில்லை. தோளை மறுபடி அவர் முதுகோடு பொருத்தி, காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன்?"